4கே லேப்டாப் ஸ்க்ரீன்ல ஸ்க்ரோல் பண்ணா திக்குது, ரெசல்யூஷனைக் குறைக்காம சரி பண்ண முடியுமா?

மின்மினி:

வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது 15.6 இன்ச் லேப்டாப், 4கே ஸ்க்ரீன், 60 ஹெர்ட்ஸ், ப்ராசஸருக்குள்ளயே வர்ற இன்டெல் கிராபிக்ஸ்தான், தனி கார்டு கிடையாது, ரேம் 16 ஜிபி, விண்டோஸ் 11. என் வேலை மின்னூல் மெய்ப்பு பாக்குறது, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் தமிழ் எழுத்தையே உத்துப் பாத்துட்டு இருக்கணும், அதனாலதான் 4கே வேணும்னு தேடி எடுத்தேன். எழுத்து விஷயத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது, ணகரத்துக்கு மூணு சுழியா னகரத்துக்கு ரெண்டு சுழியாங்கறது சின்ன எழுத்துலயே பளிச்சுன்னு தெரியுது, புள்ளி விட்டுப்போனா உடனே கண்ணுல படுது.

ஆனா அசைவுன்னு வந்துட்டா கஷ்டம். ப்ரவுசர்ல நீளமான பக்கத்தை உருட்டினா விட்டு விட்டு நகருது, ஸ்டார்ட் மெனு மேல வரும்போது நடுவுல ஒரு திக்கல், ரெண்டு விண்டோவைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு ஒண்ணை இழுத்தா கர்சருக்குப் பின்னாடி அசைஞ்சு அசைஞ்சு வருது. டாஸ்க் மேனேஜர்ல சிபியூ 20 சதவீதத்தைத் தாண்டல, ரேம் பாதி காலியா இருக்கு. ஸ்கேலிங் 250 சதவீதத்துல இருந்துச்சு, 200 வச்சேன், 150 வச்சேன், எழுத்து சைஸ்தான் மாறுச்சே தவிர வேகத்துல ஒரு மாற்றமும் இல்ல.

யார்கிட்ட கேட்டாலும் 1080-க்கு இறக்கிடுன்னு சொல்றாங்க. அப்படி இறக்கினா எழுத்து எல்லாம் மேல எண்ணெய் தடவின மாதிரி ஆயிடுது, அந்த நிலைமைல மெய்ப்பு பாக்க முடியாது. எதை அணைச்சா வேகம் வரும், எதை அணைச்சா அழகு மட்டும் போய் வேகம் வராது, இது ரெண்டையும் பிரிச்சு யாராவது சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

சுழல்மேசை:

1080 வச்சுட்டு வேலையைப் பாருங்க ப்ரோ. 15 இன்ச்ல 4கே தேவையே இல்லாத ஒண்ணு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல போய் "அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" டிக் பண்ணிடுங்க, எல்லாம் பறக்கும்.

பிக்சல்காவல்:

சுழல்மேசை, உங்களுக்குத் தெரியலைன்னா பரவால்ல, ஆனா அவர் செய்ற வேலைக்கு அது தெரியும். 15.6 இன்ச்ல 1080ன்னா ஒரு இன்ச்சுக்கு 141 பிக்சல், 4கேன்னா 282. இங்கிலீஷ் எழுத்துக்கு 141 ஓரளவு போதும், தமிழ்ல ஒரே எழுத்துக்குள்ள ரெண்டு மூணு சுழி இருக்கும்போது பாதி பிக்சல் போனா முதல்ல அடைஞ்சு போறது அந்த சுழிக்குள்ள இருக்கற வெள்ளை இடம்தான். அதனால ரெசல்யூஷன்ல கை வைக்கறதைக் கடைசிக்கு வச்சுக்குவோம். அந்த "பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" டிக்கும் வேணாம், காரணம் கீழ சொல்றேன்.

மின்மினி, உங்க மெஷின்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க, ஏன்னா இது புரிஞ்சுட்டா எதை அணைக்கணும்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

1080 ஸ்க்ரீன்ல மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல். 4கேல கிட்டத்தட்ட 83 லட்சம், சரியா நாலு மடங்கு. ஒரு பிக்சலுக்கு 4 பைட்டுன்னா ஒரு முழு ஃப்ரேம், அதாவது ஸ்க்ரீன்ல ஒரு தடவை வர்ற முழுப் படம், 33 எம்பி. இதை ஒரு செகண்டுக்கு 60 தடவை ஸ்க்ரீனுக்கு அனுப்பணும், அதுவே செகண்டுக்கு 2 ஜிபி ஆச்சு. ஆனா இது அனுப்புற செலவு மட்டும்தான். நீங்க பக்கத்தை உருட்டும்போது ப்ரவுசர் தன்னோட படத்தை மெமரில எழுதும், அப்புறம் விண்டோஸ்ல டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்னு ஒண்ணு இருக்கே, அது அந்தப் படத்தைப் படிச்சு, டாஸ்க்பார், மத்த விண்டோ, நிழல் எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமா இன்னொரு இடத்துல எழுதும், அதைத்தான் ஸ்க்ரீன் எடுத்துக் காட்டும். ஆக ஒரு ஃப்ரேமுக்கு எழுது, படி, எழுது, படின்னு நாலு தடவை 33 எம்பி போய் வருது, செகண்டுக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி. ஓடும்போதே சுருக்கற டெக்னிக் எல்லாம் இப்ப இருக்கறதால நிஜத்துல இதைவிடக் குறையும், இருந்தாலும் சுமை இந்த அளவுல இருக்கும்னு புரிஞ்சுக்கங்க.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா அதுக்குன்னு சொந்த மெமரி இருக்கும். உங்களுக்கு அது இல்ல, சிபியூவும் ஜிபியூவும் (படம் வரையற பகுதி) ஒரே ரேமைப் பங்கு போட்டுக்குது. அந்த ரேமுக்குப் போற வழி எவ்ளோ அகலம்ங்கறதுதான் இங்க முக்கியம், 16 ஜிபில எவ்ளோ காலியா இருக்குங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டிடிஆர்4 3200 ரேம் ஒரே ஸ்டிக்கா போட்டிருந்தா உச்சபட்சம் செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு ஸ்டிக்கா போட்டா, அதாவது டூயல் சேனல்ல, 51.2. உங்க ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா இருக்கலாம்ங்கறது என் சந்தேகம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரியைத் தட்டுங்க, கீழ "ஸ்லாட்ஸ் யூஸ்டு"ன்னு ஒரு வரி இருக்கும், 1 ஆஃப் 2ன்னு இருக்கா பாருங்க.

இப்ப ஸ்கேலிங் கதை. 150 வச்சாலும் 250 வச்சாலும் விண்டோஸ் அதே 83 லட்சம் பிக்சலைத்தான் வரையுது, பொருளோட அளவுதான் மாறுது. அதான் உங்களுக்கு வேகத்துல ஒரு மாற்றமும் தெரியல. கண்ணுக்கு எது வசதியோ அதை வச்சுக்கங்க, இதுல வேகத்தைத் தேடாதீங்க.

அடுத்து, எது நிஜமாவே செலவு வைக்குது. முதல் குற்றவாளி அந்தக் கண்ணாடி மாதிரி பின்னாடி மங்கலாத் தெரியற எஃபெக்ட். சாதாரணமா ஒரு பிக்சலை வரைய அந்த ஒரு பிக்சலைப் படிச்சா போதும், மங்கலாக்கணும்னா சுத்தி இருக்கற ஒரு வட்டாரத்தையே படிச்சு சராசரி எடுக்கணும், ஸ்க்ரீன் அடர்த்தி இரட்டிச்சா அதே அளவு மங்கலுக்கு அந்த வட்டாரத்தோட குறுக்களவும் இரட்டிக்கும். நேரா கணக்குப் போட்டா பிக்சல் நாலு மடங்கு ஆகறப்ப மங்கல் வேலை அதைவிட அதிகமா ஏறுது, அதனாலதான் எல்லா சிஸ்டத்துலயும் படத்தை முதல்ல சின்னதாக்கி, மங்கலாக்கி, திரும்ப பெருசாக்கற தந்திரத்தை வச்சிருக்காங்க, அப்பவும் செலவு செலவுதான். பின்னாடி எதுவும் அசையலைன்னா பிரச்னை இல்ல, பின்னாடி ஒரு வீடியோ ஓடினாலோ பக்கம் உருண்டாலோ ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் திரும்பச் செய்யணும்.

இதுலயும் ஒரு நியாயம் சொல்லணும், விண்டோஸ் 11-ல மைகான்னு ஒரு எஃபெக்ட் இருக்கு, செட்டிங்ஸ் விண்டோவோட பின்னணில லேசா வால்பேப்பர் நிறம் தெரியுதே அதுதான். அது வால்பேப்பரை ஒரே ஒரு தடவை எடுத்து வச்சுக்குது, அதனால செலவு கம்மி. அக்ரிலிக்னு சொல்றது, மெனுக்கள்ல வர்றது, பின்னாடி இருக்கறதை அப்பப்ப மங்கலாக்குது, செலவு அதுலதான். ரெண்டும் ஒரே சுவிட்ச்ல அடங்கும், பெர்சனலைசேஷன்ல கலர்ஸ், அதுல "டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்" ஆஃப். முதல் வேலையா இதைப் பண்ணுங்க.

அசையற வால்பேப்பர் ஏதாவது போட்டிருந்தா அதையும் எடுத்துடுங்க, எல்லா விண்டோவுக்கும் அடில ஒரு முழு 4கே படம் சும்மா ஓடிட்டு இருக்கும். சாதா படம் எவ்ளோ பெருசா இருந்தாலும் பரவால்ல.

"பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" ஏன் வேணாம்னு சொன்னேன்னா, அது எழுத்தோட ஓரத்தை மழுப்பற வசதியையும் சேர்த்து அணைச்சுடும், எழுத்தெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆயிடும். அதுல வேகமும் பெருசா வராது, ஏன்னா ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தடவை வரைஞ்சு எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் ஒட்டிக்கிட்டேதான் போகுது, தடவைக்குத் தடவை புதுசா வரையறதில்ல. கஸ்டம்னு எடுத்து "ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்க்ரீன் ஃபான்ட்ஸ்" ஆன்ல விடுங்க, படத்தோட தம்ப்நெயில் ஆன்ல விடுங்க, விண்டோ சுருங்கி விரியற அனிமேஷனை மட்டும் எடுத்துடுங்க. இழுக்கும்போது விண்டோவுக்குள்ள இருக்கறது தெரியணுமாங்கறது உங்க இஷ்டம்.

மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை, டாஸ்க் மேனேஜர்ல ஜிபியூ பக்கத்தைத் திறந்து வச்சுட்டு 3டின்னு இருக்கற கிராஃபைப் பாத்துக்கிட்டே பக்கத்தை உருட்டுங்க. 80, 90க்கு ஏறுதுன்னா நான் சொன்ன வழிதான். ஏறவே இல்ல, ஆனாலும் திக்குதுன்னா வேற வியாதி, அதுக்கு வேற மருந்து. அப்படியே டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்ல இன்டெல் பேரு இருக்கா, "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க. ரெண்டாவது பேரு இருந்தா ட்ரைவரே ஏறல, எல்லாத்தையும் சிபியூதான் வரைஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தம். உங்க சிபியூ 20ஐத் தாண்டலைங்கறதால அப்படி இருக்காதுன்னுதான் நினைக்கறேன்.

மின்மினி:

பிக்சல்காவல் சார், இவ்ளோ விளக்கமா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. சொன்ன வரிசைல பாத்தேன்.

டிவைஸ் மேனேஜர்ல இன்டெல் பேருதான் இருக்கு. ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2, நீங்க சந்தேகப்பட்டதேதான். 3டி கிராஃப் சும்மா இருக்கும்போது 5க்குக் கீழ, பக்கத்தை உருட்டினா 85க்குப் போகுது, டீடெய்ல்ஸ்ல பாத்தா ப்ரவுசரும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜரும்தான் மேல நிக்குது. டிரான்ஸ்பரன்சியை அணைச்சதும் ஸ்டார்ட் மெனு திக்கல் சுத்தமாப் போயிடுச்சு, விண்டோ இழுக்கறதும் கையோட வருது. ப்ரவுசர் ஸ்க்ரோல்தான் இன்னும் முழுசா சரியாகல, கிராஃப் 70 கிட்ட நிக்குது, அதுலயும் எல்லா தளத்துலயும் இல்ல, சில தளத்துல மட்டும். மேல ஒரு பட்டை ஒட்டிக்கிட்டே வருமே, அதுக்குப் பின்னாடி எழுத்து மங்கலாத் தெரியுமே, அந்த மாதிரி இடத்துலதான் மோசம்.

இன்னொண்ணு கவனிச்சேன், சார்ஜர் போட்டிருக்கும்போது பரவால்ல, பிடுங்கினா மோசமாகுது.

நூல்கண்டு:

அந்த மேல ஒட்டிக்கிட்டு வர்ற பட்டை விஷயம் என் ஏரியா, நான் வெப் முன்பக்கம் எழுதறவன், அதனால இதுக்கு நான் பதில் சொல்றேன்.

அது சிஎஸ்எஸ்ல (வெப் பக்கத்தோட தோற்றத்தை எழுதற மொழி) பேக்ட்ராப் ஃபில்டர்னு ஒரு வசதி. பிக்சல்காவல் சொன்ன அதே மங்கல் வேலைதான், ஆனா விண்டோஸ் செய்றது இல்ல, பக்கத்துக்குள்ள ப்ரவுசர் செய்றது, அதனால விண்டோஸ்ல டிரான்ஸ்பரன்சியை அணைச்சாலும் அது பாட்டுக்கு நடக்கும். கீழ எழுத்து உருண்டுக்கிட்டே இருக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்தப் பட்டைக்கு அடில இருக்கறதை எடுத்து மங்கலாக்கிக்கிட்டே இருக்கணும். 60 ஹெர்ட்ஸ்ன்னா ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கறது 16.7 மில்லி செகண்டுதான், அதுக்குள்ள முடியலைன்னா அந்த ஃப்ரேம் போச்சு, பழைய படமே இன்னொரு தடவை நிக்கும், அதைத்தான் நீங்க திக்குதுன்னு சொல்றீங்க.

உங்க பக்கம் செய்யக்கூடியது, தினமும் போற தளமா இருந்தா பயனர் ஸ்டைல் போடற எக்ஸ்டென்ஷன் எதையாவது வச்சு பேக்ட்ராப் ஃபில்டரை "none"னு பண்ணிட்டு பட்டைக்கு கெட்டியான நிறம் குடுத்துடுங்க, ஒரே வரி. அல்லது ரீடர் மோட்ல படிங்க, எழுத்து மட்டும் வேணும்னா அதுதான் உத்தமம்.

ஆனா எனக்கு ஆதங்கம் எங்கன்னா, இதை நீங்க சரி பண்ற நிலைமையே வரக்கூடாது, செய்றவங்க பாத்து செய்யணும். நாங்க எழுதறது நல்ல கார்டு போட்ட மெஷின்ல, டெஸ்ட் பண்றதும் அதே மெஷின்ல, வாங்கறவங்க கைல இருக்கறது உங்க மாதிரி மெஷின். ஒரு லேயரைத் தனியா பிரிச்சு வைக்கச் சொன்னா 4கே முழு ஸ்க்ரீன் அளவுக்கு அது 33 எம்பி, நாலு லேயர் வச்சா 130 எம்பிக்கு மேல, அதுவும் அதே பொது ரேம்ல இருந்து. வில் சேஞ்ச்னு ஒரு ப்ராப்பர்ட்டியை (இது மாறப் போகுதுன்னு ப்ரவுசருக்கு முன்கூட்டியே சொல்றது) கண்ட இடத்துல தூவி வச்சிருக்கற கோட் எத்தனையோ பாத்திருக்கேன், வேகத்துக்குன்னு போட்டது, அதுவே சுமை ஆயிடுது. நிழலோட அளவை அனிமேட் பண்றது, இடப்பக்கம் மேல்பக்கம்னு இடத்தை மாத்தி நகர்த்தறது, இதெல்லாம் ஒவ்வொரு ஃப்ரேமும் திரும்ப வரையச் சொல்றது. டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தறது, பெருசாக்கறது), ஒப்பாசிட்டி (எவ்ளோ ஊடுருவித் தெரியணும்ங்கறது) ரெண்டை மட்டும் அனிமேட் பண்ணா ஏற்கெனவே வரைஞ்ச படத்தை ஜிபியூ நகர்த்திடும், மறுபடி வரைய வேணாம்.

ஐகான் எல்லாம் எஸ்விஜில (புள்ளியா இல்லாம கோடா எழுதற பட வகை) இருந்தா எந்த அடர்த்தியிலயும் கூர்மையா இருக்கும், ஃபைலும் சின்னது. புகைப்படத்துக்கு அது ஆகாது, அங்க ஸ்க்ரீன் அடர்த்திக்கு ஏத்த அளவை ப்ரவுசரே எடுத்துக்கற மாதிரி எஸ்ஆர்சி செட் குடுக்கணும், எல்லாருக்கும் இரட்டை அளவு படத்தை அள்ளி விடக்கூடாது, இரட்டை அளவுன்னா பிக்சல் நாலு மடங்கு. கேன்வாஸ்ல வரையறவங்க டிவைஸ் பிக்சல் ரேஷியோ (பக்கத்தோட ஒரு பிக்சல் அகலத்துக்கு ஸ்க்ரீன்ல எத்தனை பிக்சல்ங்கறது) 2.5, 3ன்னு வந்தா அப்படியே பெருக்கறதுக்கு முன்னாடி ஒரு உச்சவரம்பு வைக்கணும், 2க்கு மேல போனா பெரும்பாலான படத்துல கண்ணுக்கு வித்தியாசம் தெரியறதில்ல, எழுத்து வரைஞ்சா மட்டும் முழு அடர்த்தி குடுங்க.

இங்க யாராவது டெவலப்பர் இருந்தா க்ரோம் டெவ்டூல்ஸ்ல ரெண்டரிங் டேப்ல "பெயின்ட் ஃப்ளாஷிங்" ஆன் பண்ணிட்டு உங்க பக்கத்தை ஒரு தடவை உருட்டுங்க. திரும்ப வரையற இடமெல்லாம் பச்சையா மின்னும். முழுப் பக்கமும் பச்சையா மின்னுச்சுன்னா மின்மினி மாதிரி ஒருத்தர் எங்கயோ கஷ்டப்படறாங்கன்னு அர்த்தம்.

இரட்டைத்திரை:

எனக்கும் இதே தொல்லை, ஆனா என் ஸ்க்ரீன் 4கே இல்ல, 14 இன்ச் 2880க்கு 1800, ஓஎல்இடி, 120 ஹெர்ட்ஸ். 4கேவை விட கம்மி பிக்சல்தானே, அப்புறம் ஏன் ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கு, பேட்டரி வேகமா இறங்குது?

பிக்சல்காவல்:

இரட்டைத்திரை, ஒரு ஃப்ரேமுக்குக் கம்மிதான், 52 லட்சம் கிட்ட. ஆனா செகண்டுக்கு 120 ஃப்ரேம். பெருக்கிப் பாருங்க, செகண்டுக்கு 62 கோடி பிக்சல் வரும், 4கே 60 ஹெர்ட்ஸ்ல 50 கோடி கிட்டதான். ஆக உங்களோடதுதான் அதிகம். 1080 60 ஹெர்ட்ஸை விட அஞ்சு மடங்கு. அதோட ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கற நேரமும் 8.3 மில்லி செகண்டா சுருங்கிடுது.

விண்டோஸ் 11-ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல "டைனமிக் ரெஃப்ரெஷ் ரேட்" இருக்கான்னு பாருங்க, எல்லா மெஷின்லயும் வராது. இருந்தா உருட்டும்போது மட்டும் 120க்குப் போகும், மத்த நேரம் 60ல நிக்கும். இல்லைன்னா பேட்டரில இருக்கும்போது கையால 60க்கு இறக்கிடுங்க, எழுத்தோட கூர்மைல ஒரு துளி மாற்றமும் வராது, அசைவு மட்டும் கொஞ்சம் முன்ன மாதிரி இருக்காது. ஓஎல்இடிங்கறதால டார்க் தீம் வச்சாலும் பேட்டரி மிச்சமாகும், கறுப்பு பிக்சல் ஒளியே விடறதில்ல. மின்மினி, உங்களோடது எல்சிடின்னா இதுல பெரிய லாபம் இல்ல, பின்னாடி விளக்கு எப்படியும் எரிஞ்சுட்டுதான் இருக்கும்.

சார்ஜரைப் பிடுங்கினா மோசமாகறதும் இயல்புதான். சிபியூவுக்கும் ஜிபியூவுக்கும் சேர்த்து ஒரே பவர் ஒதுக்கீடு, பேட்டரில அந்த ஒதுக்கீடு குறையும், ஜிபியூ ஓட்டத்தைக் குறைச்சுக்கும். பவர் மோட் "பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி"ல இருந்தா "பேலன்ஸ்டு"க்கு மாத்திப் பாருங்க. பேட்டரி சேவர் (புது விண்டோஸ் 11-ல பேரு எனர்ஜி சேவர்) ஆன் ஆனா விண்டோஸ் தானாவே டிரான்ஸ்பரன்சியை அணைச்சுடும், அந்த எஃபெக்ட்டுக்கு செலவு இருக்குன்னு அவங்களே ஒத்துக்கற மாதிரிதான் அது.

டெர்மினல்வாசி:

லினக்ஸ், மேக் பக்கம் இருக்கறவங்களும் இதைப் படிப்பீங்கங்கறதால ஒண்ணு சொல்லணும். "ஸ்கேலிங் மாத்தினா வேகம் மாறாது"ன்னு மேல சொன்னது விண்டோஸுக்குத்தான். இங்க கதையே வேற.

லினக்ஸோட க்னோம் டெஸ்க்டாப்ல, எக்ஸ்11 செஷன் (ஸ்க்ரீன்ல வரையற பழைய முறை) இன்னும் இருக்கற பழைய பதிப்பா இருந்தா, 4கே ஸ்க்ரீனுக்கு 150 சதவீதம் வச்சா அது நேரா ஒன்றரை மடங்குல வரையாது. முதல்ல ரெண்டு மடங்குல, அதாவது 5120க்கு 2880 அளவுல வரைஞ்சு, அப்புறம் அதை 4கேக்கு சுருக்கும். ஒரு கோடியே 47 லட்சம் பிக்சல் வரைஞ்சு 83 லட்சமா சுருக்கறது. எழுத்து சின்னதா வேணும்னு 200ல இருந்து 150க்கு இறக்கினவங்களுக்கு மெஷின் இன்னும் மெதுவாகும், காரணமே பிடிபடாது. அதனால எக்ஸ்11-ல இருந்தா 200 வச்சுக்கிட்டு ஃபான்ட் சைஸை மட்டும் ட்வீக்ஸ் ஆப்ல 0.8, 0.85ன்னு குறைச்சுக்கங்க, கிட்டத்தட்ட அதே பலன், கூடுதல் செலவு இல்ல.

எக்ஸ்11-க்குப் பதிலா வந்த வேலண்ட்ல 2022 கடைசில ஃப்ராக்ஷனல் ஸ்கேல்னு ஒரு ப்ரோட்டோகால் வந்தப்புறம் ஆப் தானே 1.5 மடங்குல நேரா வரையலாம்னு ஆச்சு. ஆனா ஆப் அதைப் புரிஞ்சுக்கணும், பழைய ஆப்னா அதே ரெண்டு மடங்கு வரைஞ்சு சுருக்கற கதைதான். எக்ஸ்வேலண்ட் (எக்ஸ்11 ஆப்பை வேலண்ட்ல ஓட்டற வழி) வழியா ஓடற ஆப்போ பல இடத்துல சின்னதா வரைஞ்சு பெருசா இழுத்துக் காட்டும், எழுத்து மங்கும். கேடிஇங்கற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்ல இதுக்கு டிஸ்ப்ளே செட்டிங்ஸ்லயே ஒரு தேர்வு இருக்கு, பழைய ஆப்பை சிஸ்டம் பெருசாக்கணுமா, ஆப்பே பாத்துக்கணுமான்னு, ஆப்பே பாத்துக்கட்டும்னு விடுங்க. கேடிஇல ப்ளர் எஃபெக்ட்டைத் தனியா அணைக்கலாம், நிழல், அனிமேஷன் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பாதி சுமை அந்த ஒண்ணுலயே இறங்கிடும்ங்கறது என் அனுபவம்.

மேக்ல 2012-ல வந்த முதல் ரெட்டினா மேக்புக் ப்ரோ காலத்துல இருந்தே இப்படித்தான். 2880க்கு 1800 ஸ்க்ரீன்ல "1920க்கு 1200 மாதிரி தெரியணும்"னு தேர்வு செஞ்சா உள்ள 3840க்கு 2400 வரைஞ்சு சுருக்கும். 52 லட்சத்துக்குப் பதிலா 92 லட்சம். புது மேக் எல்லாம் இதைத் தாங்கிடும், பழைய இன்டெல் மேக் வச்சிருக்கறவங்க சரிபாதி அளவுல வச்சுக்கறது நல்லது, ஆக்சசிபிலிட்டில "ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி"யும் டிக் பண்ணிடுங்க.

சுழல்மேசை:

சரி, மெய்ப்பு வேலைக்கு முழு அடர்த்தி வேணும்ங்கறது புரியுது. ஆனா 1080ல எழுத்து எண்ணெய் தடவின மாதிரி ஆகுதுங்கறாரே, 4கேல 1080 சரிபாதிதானே, ஒரு பிக்சலை நாலு பிக்சலாப் போட்டா கூர்மையா வரணுமே, ஏன் மங்குது?

பிக்சல்காவல்:

நல்ல கேள்வி. கணக்குப்படி நீங்க சொல்றது சரி, ஆனா பெருசாக்கற வேலையைச் செய்ற ஸ்கேலர் சரிபாதியா இருந்தாலும் இல்லைன்னாலும் பக்கத்துப் பிக்சலோட கலந்துதான் நிரப்பும், அதான் மங்கல். இன்டீஜர் ஸ்கேலிங்னு ஒரு வசதி இன்டெல், என்விடியா ரெண்டுலயும் 2019 வாக்குல வந்துச்சு, அதை ட்ரைவர் செட்டிங்ஸ்ல ஆன் பண்ணா நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணுக்கு நாலா அப்படியே போடும், கலக்காது. பழைய சிப்ல வராது. கேம் ஆடறவங்களுக்கு ரொம்ப நல்லது. எழுத்துக்கு ஒரு சாதாரண 1080 ஸ்க்ரீன்ல பாக்கற அளவுக்கு வரும், அதுக்கு மேல வராது.

மின்மினி:

நூல்கண்டு சொன்ன அந்த ஒரு வரியை நான் தினமும் போற தளங்களுக்குப் போட்டுட்டேன், கிராஃப் 45க்கு இறங்கிடுச்சு, உருட்டினா வழுக்கிட்டுப் போகுது. மெய்ப்பு பாக்கற பக்கத்தை ரீடர் மோட்ல திறந்தா இன்னும் கம்மி. பேலன்ஸ்டு மோட்ல பேட்டரிலயும் தாங்குது.

இன்னொரு ரேம் ஸ்டிக் போடலாம்னு இருக்கேன். 16க்கு 16தான் போடணுமா, 8 போட்டா டூயல் சேனல் வராதா? அப்புறம் 4கே வீடியோ பாக்கும்போது சில நேரம் சிபியூ எகிறுது, அதுக்கும் ரேம்தான் காரணமா?

பிக்சல்காவல்:

வீடியோவுக்குக் காரணம் வேற. வீடியோவைப் பிரிக்கறதுக்குன்னு ஜிபியூக்குள்ள தனி பகுதி இருக்கு, எந்த ஃபார்மட்டைப் பிரிக்கத் தெரியும்ங்கறது சிப் தலைமுறையைப் பொறுத்தது. இன்டெல்ல விபி9 ஏழாம் தலைமுறைல இருந்து, ஏவி1 பதினோராம் தலைமுறைல இருந்து. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜர் ஜிபியூ பக்கத்துல "வீடியோ டீகோட்" கிராஃப் அசையுதான்னு பாருங்க. அசையாம சிபியூ மட்டும் ஏறுதுன்னா உங்க சிப்புக்கு அந்த ஃபார்மட் தெரியல, சிபியூ தலைல விழுது. அப்ப 1440க்கு இறக்கிப் பாருங்க, அல்லது ப்ரவுசர்ல ஹார்ட்வேர் ஆக்சலரேஷன் ஆஃப் ஆகி இருக்கான்னு பாருங்க, ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க.

ரேமுக்கு வருவோம். 8 போட்டாலும் டூயல் சேனல் வரும், முழுசுக்கும் வராது. பெரும்பாலான இன்டெல் மெஷின்ல புது 8ம் பழைய 16ல இருந்து ஒரு 8ம் ஜோடி சேர்ந்து ரெண்டு சேனலா ஓடும், மிச்சம் 8 ஒத்தை சேனலா ஓடும். வேலை சின்னதா இருக்கறவரைக்கும் வித்தியாசம் தெரியாது. மனசுல நெருடல் இல்லாம இருக்கணும்னா 16க்கு 16 போடுங்க. ரெண்டும் ஒரே தலைமுறையா இருக்கணும், டிடிஆர்4 இடத்துல டிடிஆர்5 நுழையவே நுழையாது. வேகம் வேற வேறயா இருந்தா ரெண்டுமே மெதுவா இருக்கறதோட வேகத்துக்கு இறங்கிடும், அதனால இப்ப இருக்கற ஸ்டிக்கோட லேபிள்ல என்ன எண் போட்டிருக்குன்னு பாத்துட்டு அதே எண்ணுக்குக் கேளுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடலோட சர்வீஸ் மேனுவலைப் படிச்சுடுங்க, உச்சபட்சம் எவ்ளோ தாங்கும், அடிமூடியை எப்படிக் கழட்டறதுன்னு அதுல இருக்கும். டாஸ்க் மேனேஜர் 1 ஆஃப் 2ன்னு சொன்னாலும் சில போர்டுல ரெண்டாவது ஸ்லாட்டே வச்சிருக்க மாட்டாங்க, அதனால கண்ணால பாத்துட்டு வாங்கறதுதான் நல்லது. ஸ்டிக்கைத் தொடறதுக்கு முன்னாடி சார்ஜரைக் கழட்டி, உள்ள பேட்டரி கனெக்டரையும் பிடுங்கிடுங்க.